அணைத்த பின்னும் மினுங்கும் எல்இடி பல்பு: எஸ்எஸ்ஆர் கசிவு மின்னோட்டம் பற்றி ஓர் எளிய விளக்கம்

வீட்டு விளக்குகளைக் கைப்பேசியிலிருந்தோ டைமரிலிருந்தோ இயக்க விரும்புகிறவர்கள் இன்று அசையும் பாகமில்லாத மின்னணுச் சுவிட்சான சாலிட் ஸ்டேட் ரிலே என்னும் சாதனத்தைப் பெரிதும் நாடுகிறார்கள். அதை எஸ்எஸ்ஆர் என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். அதில் 'டக்' என்ற ஓசை இல்லை, தேய்ந்துபோகும் முனை இல்லை, ஆர்டுயினோ போன்ற ஒரு சிறு பலகை தரும் 5 வோல்ட்டே அதை இயக்கப் போதும். ஆனால் அதை மாட்டிய அன்றிரவே பலருக்கு ஒரு குழப்பம் வருகிறது. விளக்கை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது, அல்லது சீரான இடைவெளியில் மின்னி மின்னி மறைகிறது.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. ரிலே போலிச் சரக்கு என்பார் ஒருவர். எர்த் சரியாக இல்லை என்பார் இன்னொருவர். வயரில் கரண்ட் லீக் ஆகிறது, வீட்டுக்கே ஆபத்து என்று மூன்றாமவர் பயமுறுத்துவார். இவை ஒவ்வொன்றும் வேறொரு சூழலில் உண்மையாக இருக்கலாம் என்றாலும், இங்கே பெரும்பாலும் பொருந்துவதில்லை. நல்ல நிலையில் உள்ள, தரமான எஸ்எஸ்ஆரும் அணைந்த நிலையில் சிறிதளவு மின்னோட்டத்தை விடத்தான் செய்யும். அதற்கே கசிவு மின்னோட்டம் என்று பெயர். அது எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, எப்போது கவலைப்பட வேண்டும் என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் நல்ல ரிலேயைத் தூக்கியெறியவும் வேண்டாம். உண்மையான ஆபத்தைக் கவனிக்காமல் விடவும் வேண்டாம்.

மடையில் இறக்கிய பலகை

வாய்க்காலில் வரும் நீரை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. மண்ணைக் கொட்டி மிதித்துக் குறுக்கே கரை கட்டிவிடலாம். அல்லது மடையில் பலகையை இறக்கலாம். பலகை இறக்குவது எளிது, நினைத்த நேரத்தில் தூக்கவும் முடியும். ஆனால் அதன் ஓரங்களில் எப்போதும் கொஞ்சம் நீர் கசியும். அந்த நீர் ஒரு காணி வயலுக்குப் போய்ச் சேர்ந்தால் மண் உறிஞ்சிவிடும், கசிந்ததே தெரியாது. வயலுக்குப் பதிலாக அங்கே ஒரு சிறு குழி மட்டும் இருந்தால், விடிவதற்குள் அது நிரம்பி வழிந்திருக்கும்.

சாதாரண மெக்கானிக்கல் ரிலே மண்கரையைப் போன்றது. அதை அணைக்கும்போது இரண்டு உலோக முனைகள் உண்மையாகவே பிரிந்து, நடுவில் காற்று இடைவெளி உண்டாகிறது. எஸ்எஸ்ஆர் மடைப்பலகை. வயல் என்பது பழைய குண்டு பல்பு. குழி என்பது எல்இடி பல்பு. கசிவின் அளவு மாறாமலே இருந்தாலும், அது போய்ச் சேரும் இடம் மாறியதால்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒப்புமையை இதற்கு மேல் நீட்டினால் அது நம்மைத் தவறான திசையில் கொண்டுபோய்விடும். மடைப்பலகை சரியாகப் பொருந்தாததால் நீர் கசிகிறது. எஸ்எஸ்ஆரிலோ கசிவின் பெரும்பகுதி குறைபாட்டால் வருவதன்று. தயாரிப்பாளர் வேண்டுமென்றே வைத்த ஒரு பாதையின் வழியாக வருகிறது. அந்தப் பாதையைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

எஸ்எஸ்ஆருக்குள் என்ன இருக்கிறது

வீட்டு மின்சாரத்துக்கான எஸ்எஸ்ஆர் ஒன்றைத் திறந்து பார்க்க முடிந்தால் மூன்று முக்கியப் பகுதிகள் தெரியும். முதலாவது, உள்ளீட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு சிறு எல்இடி. நாம் தரும் 5 வோல்ட் அதை எரிய வைக்கிறது. அதன் ஒளி எதிரே உள்ள உணர்வியில் பட்டு, அடுத்த பகுதியைத் தூண்டுகிறது. ஒளி மட்டுமே கடந்து செல்வதால், 230 வோல்ட் பக்கத்துக்கும் நம் சிறு பலகைக்கும் நேரடி மின்தொடர்பு கிடையாது.

இரண்டாவது, டிரையாக். இது இரு திசையிலும் மின்னோட்டத்தைக் கடத்தவும் தடுக்கவும் வல்ல ஒரு குறைகடத்திச் சுவிட்ச். சற்றுப் பெரிய எஸ்எஸ்ஆர்களில் டிரையாக்குக்குப் பதிலாக இரண்டு தைரிஸ்டர்களை எதிரெதிராக இணைத்திருப்பார்கள், வேலை ஒன்றுதான். டிரையாக்கில் அசையும் முனை எதுவும் இல்லை. அணைந்த நிலையிலும் அதன் இரு முனைகளும் ஒரே சிலிக்கான் துண்டின் இரண்டு பக்கங்களாகவே இருக்கின்றன. நடுவில் காற்று இல்லை. அதனால் ஓரளவு மின்னோட்டம் அதன் வழியே செல்லும். ஆனால் அறை வெப்பநிலையில் இந்த அளவு சில மைக்ரோஆம்பியர்தான், அதாவது ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்கு. டிரையாக் நன்றாகச் சூடேறினால் இது பல மடங்கு உயரும் என்பது உண்மையென்றாலும், வீட்டு விளக்கின் சிறு சுமைக்கு அது அவ்வளவு சூடேறுவதில்லை.

மூன்றாவது பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. டிரையாக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே, ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். கடையில் கண்டன்சர் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் மின்தேக்கி. இந்த இணைக்கு ஸ்னப்பர் என்று பெயர்.

மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும். திசை மாறிக்கொண்டே இருக்கும் மாறுமின்னோட்டத்தைத் தன் அளவுக்கேற்ப விடும். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மாறுமின்னோட்டம். ஆகவே டிரையாக் முழுமையாக அணைந்திருந்தாலும், ஸ்னப்பரின் மின்தேக்கி வழியே ஒரு சிறு மின்னோட்டம் இடைவிடாமல் விளக்கை நோக்கிச் செல்கிறது. அதன் அளவைக் கணக்கிடுவது எளிது: வோல்ட்டேஜை 314 என்ற எண்ணாலும், மின்தேக்கியின் ஃபாரட் மதிப்பாலும் பெருக்கினால் போதும். ஃபாரட் என்பது மின்தேக்கியின் கொள்ளளவுக்கான அலகு; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோஃபாரட். 314 என்பது 50 சுழற்சிக்குரிய எண். 230 வோல்ட்டில் 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி சுமார் 0.7 மில்லியாம்பியரை விடும், 0.022 மைக்ரோஃபாரட் சுமார் 1.6 மில்லியாம்பியரை விடும், 0.1 மைக்ரோஃபாரட் ஏறத்தாழ 7 மில்லியாம்பியரை விடும். டிரையாக்கின் சொந்தக் கசிவோடு ஒப்பிட்டால் இவை நூறு மடங்குக்கும் மேல்.

ஒரு நடைமுறை உதாரணம். ஆர்டுயினோவோடு பயன்படுத்த விற்கப்படும் சிறு எஸ்எஸ்ஆர் பலகைகளில் நெட்டுக்குத்தாக நிற்கும் சிறு கறுப்புப் பெட்டி பெரும்பாலும் ஓம்ரான் ஜி3எம்பி-202பி என்ற மாதிரியாக இருக்கும். அதன் தகவல் தாளில் 200 வோல்ட்டில் கசிவு அதிகபட்சம் 1.5 மில்லியாம்பியர் என்று வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. அதே தாளில் இன்னொரு வரி, அது இயக்கக்கூடிய சுமை 0.1 ஆம்பியர் முதல் 2 ஆம்பியர் வரை என்கிறது. வாங்குகிறவர்கள் 2 ஆம்பியரைப் பார்க்கிறார்கள்; 0.1 ஆம்பியரைப் பார்ப்பதில்லை. ஒரு 9 வாட் எல்இடி பல்பு அந்தக் கீழ் எல்லையைக்கூடத் தொடாது. மேல் எல்லையை மீறினால் ரிலே கருகும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. கீழ் எல்லைக்கும் அதே அளவு பொருள் உண்டு என்பதை விற்பவரும் சொல்வதில்லை, பயிற்சி வீடியோக்களும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

ஸ்னப்பரை ஏன் வைக்கிறார்கள்

கசிவுக்குக் காரணமான ஒரு பாகத்தை எதற்காக வேலை மெனக்கெட்டு உள்ளே வைக்க வேண்டும்? டிரையாக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் முனைகளுக்கிடையே வோல்ட்டேஜ் மிக வேகமாக உயர்ந்தால், நாம் தூண்டாமலே அது தானாக இயங்கத் தொடங்கிவிடும். மின்விசிறி, பழைய டியூப்லைட்டின் சோக், மோட்டார் போன்ற சுருள் கொண்ட சுமைகளை அணைக்கும் கணத்தில் இப்படிப்பட்ட திடீர் உயர்வு உண்டாகும். ஸ்னப்பரில் உள்ள மின்தேக்கி அந்த உயர்வை உள்வாங்கி மெதுவாக்குகிறது. தொடரில் உள்ள மின்தடை, மின்தேக்கியில் சேர்ந்த மின்னூட்டம் டிரையாக்குக்குள் ஒரேயடியாகப் பாயாமல் கட்டுப்படுத்துகிறது. எல்லாவகைச் சுமைக்கும் ஏற்ற ஒரே ரிலேயைச் செய்து விற்க வேண்டிய தயாரிப்பாளருக்கு ஸ்னப்பர் தவிர்க்க முடியாதது. சுருளே இல்லாத எல்இடி பல்புக்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவாகத் தேவையில்லை என்றாலும், அதன் பக்கவிளைவு மட்டும் வந்து சேர்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எஸ்எஸ்ஆரை அணைப்பது கம்பியைத் துண்டிப்பதாகாது. டிரையாக் தடுத்தாலும், அதன் குறுக்கே உள்ள ஸ்னப்பர் வழியே ஒன்று முதல் சில மில்லியாம்பியர் வரை ஓடிக்கொண்டே இருக்கும். இது பழுதின் அடையாளமன்று.

குண்டு பல்பு காலத்தில் ஏன் தெரியவில்லை

இந்தக் கசிவு எஸ்எஸ்ஆர் தோன்றிய நாள் முதலே உண்டு. ஆனால் அப்போது அந்தச் சுவிட்சின் மறுமுனையில் இருந்தவை குண்டு பல்புகள். ஒரு 60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்வோம். முழு வெளிச்சத்தில் எரியும்போது அதன் இழையின் மின்தடை சுமார் 880 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, சுமார் 70 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்னப்பரிலிருந்து 7 மில்லியாம்பியர் வந்தாலும், அந்த இழையின் குறுக்கே உண்டாகும் வோல்ட்டேஜ் அரை வோல்ட்தான். இழைக்குக் கிடைக்கும் சக்தி ஒரு வாட்டின் ஆயிரத்தில் சில பங்கு. இழை கைக்கு இளஞ்சூடாகக்கூட ஆகாது. வெளிச்சத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

பிறகு வீடுகளில் விளக்குகள் மாறின. இந்தியாவில் 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் விநியோகிக்கப்பட்டன. குண்டு பல்பு ஏறத்தாழ மறைந்தேபோனது. சுவிட்சின் பக்கம் எதுவும் மாறவில்லை. அதன் மறுமுனை முழுவதுமாக மாறிவிட்டது.

எல்இடி பல்பு ஏன் காட்டிக்கொடுக்கிறது

எல்இடி பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றினால் ஒரு வட்டமான அலுமினியத் தட்டும், அதன்மேல் மஞ்சள் புள்ளிகளாக எல்இடிகளும் தெரியும். அவற்றை இயக்கும் மின்னணுப் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். டிரைவரின் வாசலில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் நான்கு டையோடுகளும், அதற்கடுத்துப் பல பல்புகளில் 400 வோல்ட் என்று அச்சிட்ட ஓர் உருளை வடிவ மின்தேக்கியும் இருக்கும். குண்டு பல்பு போல இது மின்னோட்டத்தை அப்போதைக்கப்போதே செலவழித்துவிடாது, முதலில் சேர்த்துவைக்கும். இங்கேதான் மினுங்கலின் இரகசியம் இருக்கிறது.

டிரைவரில் 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருப்பதாகக் கொள்வோம். ஒரு மில்லியாம்பியர் கசிவு அதில் சேர்ந்துகொண்டே வந்தால், தொடக்கத்தில் அதன் வோல்ட்டேஜ் வினாடிக்கு சுமார் 200 வோல்ட் என்ற வேகத்தில் உயரும். டிரைவர் சிப் விழித்தெழுவதற்குரிய அளவை அது எட்டியதும், சிப் இயங்கத் தொடங்கி எல்இடிகளை எரிய வைக்கிறது. ஆனால் எரிவதற்குத் தேவையான மின்னோட்டம் கசிவைப் போலப் பல பத்து மடங்கு. 100 வோல்ட் வரை ஏறிய அந்த மின்தேக்கியில் உள்ள ஆற்றலை 9 வாட் என்ற வேகத்தில் செலவழித்தால், இரண்டு மூன்று மில்லிவினாடிக்கு மேல் தாங்காது. வோல்ட்டேஜ் சரிகிறது, சிப் உறங்குகிறது, மின்தேக்கி மறுபடி நிரம்பத் தொடங்குகிறது. இது சுற்றிச் சுற்றி நடப்பதைத்தான் நாம் வினாடிக்கொரு மின்னலாகப் பார்க்கிறோம். பல்பு மாறினால் இந்த இடைவெளியும் மாறும். ஒரே அறையில் இரண்டு நிறுவனங்களின் பல்புகள் இரண்டு தாளத்தில் மின்னுவது இதனால்தான்.

சில பல்புகள் மின்னாமல் தொடர்ந்து மங்கலாக ஒளிர்கின்றன. அவற்றில் இப்படி விழித்து உறங்கும் சிப் இல்லை. எல்இடிகளை நீளமான தொடராகக் கோத்து, எளிய கட்டுப்பாட்டோடு நேரடியாக இயக்கும் விலை குறைந்த வடிவமைப்பு அது. வரும் கசிவு எல்இடிகள் வழியாக அப்படியே செல்கிறது. வெள்ளை எல்இடி இந்த விஷயத்தில் மிகவும் உணர்திறன் வாய்ந்தது. அதன் வழக்கமான மின்னோட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது தெரியும். பகலில் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று நினைப்பவர்கள் இரவில் மறுபடி பார்ப்பது நல்லது.

மின்கட்டணம் கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். 1.5 மில்லியாம்பியர் முழுவதையும் உண்மையான நுகர்வு என்று வைத்துக் கணக்கிட்டாலும், ஓர் ஆண்டுக்கு 3 யூனிட்தான் வரும். மின்தேக்கி வழியே செல்லும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி மீட்டரில் நுகர்வாகப் பதிவாவதில்லை என்பதால், உண்மைக் கணக்கு அதற்கும் கீழே. கட்டணத்தைக் காட்டிலும், இரவெல்லாம் தொடங்கி நின்று தொடங்கி நிற்கும் டிரைவருக்கு அது வடிவமைக்கப்படாத ஓர் உழைப்பு என்பதே சரிசெய்ய வேண்டியதற்கான நல்ல காரணம்.

சுருக்கமாக: குண்டு பல்பு கசிவை விழுங்கிவிடுகிறது, எல்இடி பல்பு அதைச் சேர்த்துவைத்து மின்னுகிறது அல்லது அப்படியே ஒளியாக்கிக் காட்டுகிறது.

எர்த் லீக்கேஜும் இதுவும் வேறு வேறு

பேச்சுவழக்கில் இரண்டையும் 'லீக்' என்றே சொல்வதால் இங்கே பெருங்குழப்பம் நேர்கிறது. எர்த் லீக்கேஜ் என்பது, மின்காப்பு கெட்டு, ஃபேஸ் கம்பியிலிருந்து மின்னோட்டம் உலோக உடலுக்கோ ஈரச் சுவருக்கோ மனித உடலுக்கோ போய், நியூட்ரலுக்குத் திரும்பாமல் நிலத்தில் இறங்குவது. ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்ச், ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது; வீடுகளில் வைக்கப்படும் வகையில் வேறுபாடு 30 மில்லியாம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. எஸ்எஸ்ஆரின் கசிவு, ஃபேஸில் கிளம்பி, ஸ்னப்பரைக் கடந்து, விளக்கு வழியாக நியூட்ரலுக்கே முறையாகத் திரும்புகிறது. கணக்கு சமம். ஆர்சிசிபிக்கு அது கசிவே அன்று. எர்த் கம்பியை மாற்றுவதாலோ எர்த் குழியில் உப்பும் கரியும் போடுவதாலோ இந்த மினுங்கல் நிற்கப்போவதில்லை.

அப்படியானால் ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. எஸ்எஸ்ஆரை அணைத்துவிட்டுப் பல்பைக் கழற்றி, ஹோல்டரின் முனைகளை டிஜிட்டல் மல்டிமீட்டரால் அளந்தால், ஏறத்தாழ முழு 230 வோல்ட் காட்டும். மீட்டரின் உள்தடை வழக்கமாக ஒரு கோடி ஓம், 0.022 மைக்ரோஃபாரட் ஸ்னப்பரின் தடுப்பு ஒன்றரை லட்சம் ஓம்கூட இல்லை. அதனால் வோல்ட்டேஜ் முழுவதும் மீட்டரின் குறுக்கே வந்து நிற்கிறது. டெஸ்டரை வைத்தாலும் நியான் எரியும். இதைப் பார்த்து 'ரிலே ஷார்ட் ஆகிவிட்டது' என்று முடிவு கட்டுவது தவறு. சுமை இல்லாமல் எஸ்எஸ்ஆரைச் சோதிக்கவே கூடாது. ஒரு குண்டு பல்பைச் சுமையாக வைத்துப் பார்த்தால்தான் அது அணைகிறதா இல்லையா என்று தெரியும்.

அந்த முனையை ஈரக் கையால் தொட்டால் என்ன ஆகும்? ஸ்னப்பர் விடும் அளவுதான் உடல் வழியே போகும். மனிதருக்கு அரை மில்லியாம்பியரிலேயே அதிர்வு தெரியத் தொடங்கும். 10 மில்லியாம்பியர் அளவில் தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகும். ஒன்றரை மில்லியாம்பியர் உயிரை எடுக்காது என்றாலும், ஏணி மேலோ நாற்காலி மேலோ நிற்கிறவர் துள்ளி விழுவதற்கு அது போதும். ஆர்சிசிபி இந்த அளவுக்கு இயங்காது. அதைவிட முக்கியம், மின்கம்பியில் வரும் ஒரு திடீர் எழுச்சியால் டிரையாக் தானாக இயங்கிவிட்டாலோ, பழுதாகி ஷார்ட் ஆகிவிட்டாலோ, முழு மின்சாரமும் அதே முனைக்கு வந்துவிடும். டிரையாக் பழுதாகும்போது பெரும்பாலும் ஷார்ட் நிலையிலேயே பழுதாகிறது. ஆகவே எஸ்எஸ்ஆர் இருக்கும் சுற்றில் பல்பு மாற்றுவதற்கு முன், மின்பெட்டியில் அந்தச் சுற்றையே துண்டிக்கும் சுவிட்சான எம்சிபியை இறக்கியே ஆக வேண்டும். கைப்பேசித் திரையில் 'ஆஃப்' என்று காட்டுவதை ஒருபோதும் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எஸ்எஸ்ஆர்தான் காரணமா என்று உறுதி செய்தல்

அணைத்த எல்இடி மினுங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. எஸ்எஸ்ஆரே இல்லாத வீடுகளிலும் இது நடக்கிறது. இருட்டில் சுவிட்ச் தெரிவதற்காக உள்ளே சிறு நியான் விளக்கு வைத்த சுவிட்சுகள், அணைந்த நிலையில் அரை மில்லியாம்பியர் அளவில் பல்பு வழியாகவே இழுத்து எரிகின்றன. நியூட்ரல் இணைப்பு இல்லாமல் இயங்கும் ஸ்மார்ட் சுவிட்சுகளும் தமக்குத் தேவையான மின்சாரத்தை இப்படித்தான் பெறுகின்றன. மாடிப்படி விளக்கின் டூவே இணைப்பில், மின்சாரம் ஓடும் கம்பியும் ஓடாத கம்பியும் ஒரே பைப்பில் நெடுந்தொலைவு ஒட்டிச் செல்லும். அவ்விரண்டும் சேர்ந்தே ஒரு மின்தேக்கி போல ஆகிவிடும். மீட்டருக்கு 50 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 20 மீட்டருக்கு 0.07 மில்லியாம்பியர் வரும். விலை குறைந்த எல்இடி மங்கலாக ஒளிர்வதற்கு அதுவே போதும். ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலைச் சுவிட்சில் கொடுத்துவிட்ட வயரிங்கும் ஒரு காரணம். இது மட்டும் உண்மையான வயரிங் பிழை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உடனே திருத்த வேண்டும்.

பிரித்தறிய நேரான வழி இருக்கிறது. எம்சிபியை இறக்கி, எஸ்எஸ்ஆரிலிருந்து விளக்குக்குப் போகும் கம்பியைக் கழற்றி முனையை நன்றாக மூடிவிட்டு, எம்சிபியை ஏற்றிப் பார்க்க வேண்டும். மினுங்கல் நின்றால் காரணம் எஸ்எஸ்ஆர். நிற்காவிட்டால் வயரிங்கைப் பார்க்க வேண்டும். ஒரே ரிலேயில் பல விளக்குகள் இருந்தால் இன்னும் எளிது. அவற்றில் ஒரு ஹோல்டரில் மட்டும் பழைய குண்டு பல்பை மாட்டினால், மற்ற எல்லா எல்இடிகளின் மினுங்கலும் அடங்கிவிடும். குளிர்ந்த இழை கசிவு முழுவதையும் தன் வழியே நியூட்ரலுக்கு அனுப்பிவிடுவதே காரணம்.

சரிசெய்யும் வழிகள்

குண்டு பல்பு செய்த வேலையை, மின்சாரத்தை வீணாக்காமல் செய்யும் ஒரு பாகத்தை விளக்குக்கு இணையாக வைப்பதே முதல் வழி. மின்தடையைக் கொண்டு செய்யலாம்: 22 கிலோஓம் மின்தடை, 1.5 மில்லியாம்பியர் கசிவில் விளக்கின் குறுக்கே வோல்ட்டேஜை 33 வோல்ட்டுக்குள் வைத்திருக்கும். ஆனால் விளக்கு எரியும் நேரமெல்லாம் அது 2.4 வாட் வெப்பத்தை உமிழும். மூடிய சுவிட்ச் பெட்டிக்குள் அந்த வெப்பத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்தேக்கி நல்ல தெரிவு. எக்ஸ்2 வகையில் 0.47 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை விளக்குக்கு இணையாக வைத்தால், 0.022 மைக்ரோஃபாரட் ஸ்னப்பரும் அதுவும் 230 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, விளக்குக்கு 10 வோல்ட் அளவே மிஞ்சும். பெரும்பாலான பல்புகள் அதற்கு விழித்தெழாது. ஸ்னப்பர் 0.1 மைக்ரோஃபாரட்டாக இருந்தால் 40 வோல்ட் மிஞ்சும். அப்போது சில பல்புகள் அடங்காமல் இருக்கலாம். எக்ஸ்2 என்பது வீட்டு மின்கம்பிகளுக்குக் குறுக்கே நேரடியாக வைப்பதற்கென்றே சோதிக்கப்பட்ட வகை. உடலில் 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருக்கும். டிசி மதிப்பு மட்டுமே குறித்த சாதாரண மின்தேக்கியை அதன் இடத்தில் வைப்பது தீப்பிடிக்க வழி செய்வதாகும். எரியும் கணத்துப் பாய்ச்சலைக் கட்டுப்படுத்த 100 ஓம் அளவில் ஒரு மின்தடை தொடரிலும், அணைத்த பின் மின்னூட்டம் வடிய ஒரு பெரிய மின்தடை குறுக்கிலும் தேவை. இவையெல்லாம் சேர்த்து மூடப்பட்ட 'பைபாஸ்' என்ற சிறு பெட்டிகள் ஸ்மார்ட் சுவிட்ச் விற்கும் இடங்களில் கிடைக்கின்றன. மின்வேலை பழகாதவர்கள் அதையே வாங்கி, எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டுவது நல்லது.

இதில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று: பைபாஸை விளக்குக்கு இணையாக வைக்காமல், எஸ்எஸ்ஆரின் இரு முனைகளுக்குக் குறுக்கே வைத்துவிடுவது. அப்படி வைத்தால் கசிவுப் பாதை ஒன்று இரண்டாகி, மங்கலாக எரிந்த பல்பு பிரகாசமாக எரியத் தொடங்கும். பைபாஸின் ஒரு கம்பி ரிலேயிலிருந்து விளக்குக்குப் போகும் கம்பியிலும், மற்றொன்று நியூட்ரலிலும் இருக்க வேண்டும்.

பலகையிலிருந்து ஸ்னப்பரையே வெட்டியெடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அந்த ரிலே என்றென்றும் எல்இடியை மட்டுமே இயக்கும் என்றால் பெரும்பாலும் அது பிரச்சினை தராது. நாளை அதே இடத்தில் மின்விசிறியை மாட்டினால், அணைக்கும்போது அணையாமல் அடம்பிடிக்கும். ஸ்னப்பர் இல்லாமலே தாக்குப்பிடிக்கும் வகையில் செய்யப்பட்ட டிரையாக்குகளும் சந்தையில் இருக்கின்றன. புதிதாகப் பலகை வடிவமைப்பவர்கள் அவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

என் கருத்தில், வீட்டின் எல்இடி விளக்கை அணைத்து ஏற்றுவது மட்டுமே வேலையென்றால், மெக்கானிக்கல் ரிலேதான் பொருத்தமானது. அதன் பிரிந்த முனைகளுக்கிடையே மின்காப்புத் தடை வழக்கமாக 100 மெகாஓமுக்குக் குறையாது. அதாவது 230 வோல்ட்டில் இரண்டு மூன்று மைக்ரோஆம்பியருக்கு மேல் போகாது. நாளுக்குப் பத்து முறை இயங்கினாலும் அது பல ஆண்டுகள் உழைக்கும். எஸ்எஸ்ஆரின் உண்மையான பலம், ஹீட்டரைப் போல வினாடிக்கொரு முறை ஏற்றி அணைக்க வேண்டிய இடங்களிலும், ஓசையே கூடாத அறைகளிலும்தான் வெளிப்படுகிறது. மெக்கானிக்கல் ரிலே பலகை வாங்கும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பலகைகளில் தீப்பொறியைக் குறைப்பதற்காக ரிலே முனைகளுக்குக் குறுக்கே ஒரு மின்தடையும் மின்தேக்கியும் சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். அதுவும் ஸ்னப்பர்தான்; காற்று இடைவெளியைச் சுற்றிக்கொண்டு அதே ஒன்றிரண்டு மில்லியாம்பியரை அதுவும் பல்புக்கு அனுப்பும். செவ்வகப் பெட்டி வடிவ மின்தேக்கி ஒன்று ரிலேயின் வெளியீட்டுத் திருகுகளுக்கு அருகே நின்றால், விளக்குக்கு வேறு பலகையைத் தேடுவது நல்லது.